மருந்து எரியும் வேகம்



வங்காளத்தில் வந்து குடியேறும் தமிழர் எவருக்கும் முதலாண்டிலேயே ஒரு வியப்புக் காத்திருக்கும். இங்கே தீபாவளி இருமுறை வருகிறதோ என்று தோன்றும். நரக சதுர்த்தசி வைகறையில் எண்ணெய் தேய்த்து நீராடி, நம் பண்டிகையை முடித்துக்கொண்டு நாம் ஓய்ந்திருக்கும் வேளையில், அமாவாசை இரவில் பவானிபூர் காளி பூஜைக்கு விழித்தெழுகிறது. அந்த இரவுக்கே உரிய வாணம் ஒன்று உண்டு. அதற்குத் துப்ரி என்று பெயர். நம் ஊர்ப் புஸ்வாணந்தான் அது. ஆனால் காகிதக் கூம்பில் அன்று, உருண்டையான மண் குடுவையில் மருந்தை இடித்து அடைத்துச் செய்வது. வெடியுப்பு, கந்தகம், கரி, இரும்புத் தூள் ஆகிய நான்கே அதன் சரக்குகள். எந்த மரத்துக் கரி, எத்தனை பங்கு, எத்தனை நாள் வெயில் என்பவையோ குடும்ப இரகசியங்கள். தென் கல்கத்தாவின் பழைய பேட்டைகளில் துப்ரிப் போட்டி நடத்திப் பரிசளிப்பது நெடுநாள் வழக்கமாய் இருந்தது. எவருடைய பூ உயரமாய் எழுகிறது, எவருடையது நெடுநேரம் நிற்கிறது என்பதே போட்டி.

அப்போட்டியைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஒரே கை இடித்த ஒரே மருந்தை ஒரே நாளில் இரு குடுவைகளில் அடைத்திருப்பார்கள். ஒன்று பொங்கி மலரும். மற்றொன்று படீரென வெடித்துச் சிதறும். இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடிச் சென்றால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் மாபெரும் இராக்கெட்டுகளின் உயிர்நிலைக்கே போய்ச் சேருவோம். அந்தக் காரணத்தை அளந்தறியும் சோதனைச்சாலைக் கருவிகளைப் பற்றியும், அவை எவ்வாறு படிப்படியாகத் திருத்தம் பெற்றன என்பதைப் பற்றியுமே இன்று பேசப் போகிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அதைக் கூறாமல் மேலே செல்ல மனம் வருவதில்லை. இராக்கெட்டை உந்திச் செலுத்தும் பொருளுக்கு 'உந்துபொருள்' என்று நூல்களில் எழுதுகிறோம். சிவகாசித் தொழிலாளி அதை 'மருந்து' என்கிறார். வங்காளி வாணக்காரர் 'மசாலா' என்கிறார். ஒருவருக்கு வைத்தியம், மற்றவருக்குச் சமையல்; இரண்டிலும் அளவு பிசகினால் கேடு என்பதில் ஒற்றுமை. நாம் இன்று மருந்து என்ற சொல்லையே பெரும்பாலும் வழங்குவோம். ஆனால் 'வெடிமருந்து' என்று மட்டும் கூற மாட்டோம். இராக்கெட்டில் உள்ள மருந்து வெடிக்கக் கூடாது, எரிய வேண்டும். ஊதுவத்தி எரிவதுபோல, வெளிப்பரப்பிலிருந்து அடுக்கடுக்காக, ஒழுங்காக எரிந்து உள்ளே செல்ல வேண்டும். ஒரு வினாடியில் அது எத்தனை மில்லிமீட்டர் உட்செல்கிறது என்பதே அதன் எரிவேகம். இன்றைய பெரிய இராக்கெட்டுகளில் அம்மோனியம் பெர்க்ளோரேட் என்னும் உப்பையும் அலுமினியத் தூளையும் இரப்பர் போன்ற பிசினில் குழைத்து வார்க்கிறார்கள். இத்தகைய மருந்து, எரியும் அறையின் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 70 மடங்கு இருக்கையில், வினாடிக்கு ஏறத்தாழ 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை எரியும். நகத்தின் அகலத்தைவிடச் சிறிய இந்த அளவில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

எவ்வாறு? அழுத்தம் மிகுந்தால் மருந்து விரைந்து எரியும். விரைந்து எரிந்தால் வாயு மிகுதியாய்ப் பிறக்கும். வாயு மிகுந்தால் அழுத்தம் மேலும் கூடும். வட்டி முதலோடு சேர்ந்து மீண்டும் வட்டி ஈட்டுவதைப் போன்றது இது. இந்தச் சுழற்சி எல்லையின்றி வளராமல் தடுப்பது எது? மருந்தின் இயல்பைக் குறிக்கும் ஓர் எண். அழுத்தம் கூடக்கூட எரிவேகம் எத்தனை ஆவலோடு உடன் ஓடுகிறது என்பதை அந்த எண் காட்டும். அது ஒன்றுக்குக் குறைவாக இருக்கும்வரை, பின்புறத் துளை வழியே வெளியேறும் வாயு வெற்றி பெற்று, அழுத்தம் ஒரு நிலையில் நிற்கும். அந்த எண் 0.5 என்று வைத்துக்கொள்வோம். எரிவேகத்தை 1 சதவீதம் தவறாக அளந்திருந்தால், அறையின் அழுத்தம் நம் கணக்கிலிருந்து 2 சதவீதம் பிசகும். அதே எண் 0.8 ஆயின், 1 சதவீதப் பிழை 5 சதவீதமாகப் பெருகும். ஒன்றை நெருங்கிவிட்டாலோ, துப்ரிக் குடுவையின் கதிதான்.

இதன் விளைவு எத்தகையது என்பதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டையே கூறலாம். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான் மூன்றை ஏந்திச் சென்ற இராக்கெட்டின் இருபுறமும் இரண்டு பெரும் மருந்துத் தூண்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 டன் மருந்து. இரண்டையும் ஒரே கணத்தில் கொளுத்துகிறார்கள். இரண்டும் இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேலாக எரிகின்றன. ஒரே நுகத்தில் பூட்டிய இரு காளைகள் அவை. ஒரு காளை முந்தி மற்றது பிந்தினால் வண்டி திரும்பிவிடும் அன்றோ? எரிவேகத்தில் 1 சதவீத வேறுபாடு நேர்ந்தால், ஒரு தூண் அணைந்த பின்னும் மற்றது ஒரு வினாடிக்கு மேல் எரிந்துகொண்டிருக்கும் என்பது எளிய பெருக்கற் கணக்கு. ஆகவே இரு தூண்களுக்கும் உரிய மருந்தை ஒத்த சரக்குகளைக் கொண்டு சோடியாக வார்க்கிறார்கள். ஒவ்வொரு கலவையிலிருந்தும் சிறு மாதிரிகளைத் தனியே எடுத்து எரித்துப் பார்க்கிறார்கள். அந்தச் சிறு மாதிரியை எரிக்கும் கருவி பொய் சொன்னால், 200 டன்னும் பொய் சொல்லும்.

அளக்கும் முயற்சி புதியதன்று. 1742-ஆம் ஆண்டில் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்கும் ஊசல் ஒன்றை உலகுக்கு விவரித்தார். கனமான மரக்கட்டையைத் தொங்கவிட்டு அதன்மீது குண்டைச் செலுத்தி, கட்டை எத்தனை தூரம் பின்னே ஊசலாடுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணித்தார். காற்று நீக்கிய கலத்தினுள் பழுக்கக் காய்ந்த இரும்பின்மீது மருந்தை இட்டு, பிறக்கும் வாயுவைப் பாதரசக் குழாயால் அளந்தவரும் அவரே. மருந்தின் வலிமையை வாய்ப்பேச்சிலிருந்து எண்ணுக்கு மாற்றிய முதல்வர் என்று அவரைக் கூறலாம். அவர் தம் இறுதி நாட்களைக் கழித்த இடம் எது தெரியுமா? நம் கடலூர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைப் புதுப்பிக்க வந்து, 1751-இல் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் மாண்டார். கடலூர்க்காரர்கள் பலரும் கேள்விப்படாத செய்தி இது.

அவருக்குப் பின் 30 ஆண்டுகள் கழியுமுன், காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில், 1780-இல், ஹைதர் அலியின் படையினர் ஏவிய இராக்கெட்டுகள் கம்பெனிப் படையைக் கலங்கடித்தன. மைசூர்க்காரர்களின் சிறப்பு இரும்புக் குழாயில் மருந்தை அடைத்தது. மூங்கிலும் காகிதமும் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கும். அழுத்தம் உயர்ந்தால் உந்துதலும் உயரும். அவர்கள் சோதனைச்சாலையில் அளந்து கண்டதன்று இது, கைத்தேர்ச்சியால் கண்டது. கைத்தேர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. கல்கத்தாவிலேயே அதற்கு ஒரு சான்று கிடைக்கிறது. ஸ்டீபன் ஸ்மித் என்பவர் 1934 செப்டம்பர் 30 அன்று, கப்பலிலிருந்து சாகர் தீவுக்கு இராக்கெட் மூலம் தபால் அனுப்பும் சோதனையைச் செய்தார். கல்கத்தாவில் வாணம் செய்வோர் ஆக்கித் தந்த இராக்கெட் அது. வானிலேயே வெடித்துக் கடிதங்களைச் சிதறடித்தது. ஸ்மித் சளைக்கவில்லை, மறு ஆண்டு சிக்கிமில் பல இராக்கெட்டுகளை ஏவினார், தாமோதர நதிக்கு மேலே ஒரு சேவலையும் ஒரு கோழியையும்கூட உயிருடன் பறக்கவிட்டார். இந்தியத் தபால் துறை 1992-இல் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. ஆயினும் எந்த இராக்கெட் பறக்கும், எது வெடிக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் வழி வாணப் பட்டறையில் இல்லை. ஏவிப் பார்ப்பதொன்றே சோதனை.

ஐரோப்பாவில் இதற்கு முன்பே மூடிய கலத்தில் மருந்தை எரித்து அழுத்தத்தை அளக்கும் முறை வளர்ந்திருந்தது. நோபிள், ஏபெல் என்ற இருவர் 1870-களில் இத்துறையில் விரிவான ஆய்வு செய்தனர். பிரெஞ்சுக்காரரான பால் வியேல், அழுத்தத்துக்கும் எரிவேகத்துக்கும் உள்ள உறவை 1890-களில் வகுத்துக் காட்டினார். பீரங்கிக்கு அது போதுமானதாயிற்று. நீலகிரியில் அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை தொடங்கிய காலமும் அதை ஒட்டியதே. இராக்கெட்டின் தேவை வேறு. பீரங்கி மருந்து வினாடியில் சிறு பகுதிக்குள் எரிந்து தீரும். இராக்கெட் மருந்தோ ஒரே அழுத்தத்தில் நெடுநேரம் எரிய வேண்டும். அந்நிலையை உண்டாக்கி அளக்கும் கருவியை அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராஃபர்டும் அவர் துணைவர்களும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைத்து, 1947-இல் வெளியிட்டனர். இன்றளவும் உலகெங்கும் அதன் வழித்தோன்றல்களே சோதனைச்சாலைகளில் நிற்கின்றன.

அது எளிய கருவிதான். பென்சில் போன்ற மெல்லிய மருந்துக் குச்சி ஒன்றைத் தடித்த உருக்குக் கலத்தினுள் நிறுத்துகிறார்கள். பக்கங்களில் தீப் பரவாதபடி ஒரு பூச்சுப் பூசுகிறார்கள். குச்சியில் இரண்டு நுண்ணிய துளைகளிட்டு, நம் வீட்டு மின்பலகையில் உள்ளதைப் போன்ற ஃப்யூஸ் கம்பியை நுழைக்கிறார்கள். கலத்தில் நைட்ரஜன் வாயுவை வேண்டிய அழுத்தத்துக்கு நிரப்பி, மேல் முனையை மின்சாரத்தால் சூடேறும் கம்பியால் கொளுத்துகிறார்கள். தீ முதற் கம்பியை உருக்கியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாம் கம்பியை உருக்கியதும் நிற்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நேரத்தால் வகுத்தால் எரிவேகம் கிடைத்துவிடும்.

கிடைத்துவிடும் என்று கூறினோம். கிடைக்கும் எண்ணை நம்பலாமா என்பதே கேள்வி. இரு துளைகளுக்கும் இடையே 50 மில்லிமீட்டர் என்று கொள்வோம். துளையிடும் கை ஒரு மில்லிமீட்டர் தவறினால் பிழை 2 சதவீதம். இறுக்கமாய் நிற்க வேண்டிய கம்பி தொய்ந்தால் அதற்கும் ஒரு பிழை. கம்பி உருகிய பின்னும் கொதிக்கும் வாயு சிறிது நேரம் மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருந்தால், கடிகாரம் தாமதமாய் நிற்கும். பக்கப் பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தால் தீ பக்கவாட்டில் இறங்கி, நேர்மட்டமாய் இருக்க வேண்டிய எரிபரப்பு கூம்பாகிவிடும். எண்ணோ ஒன்றும் அறியாததுபோல் நல்ல எண்ணாகவே வந்து நிற்கும். மற்றும் ஒரு தொல்லை: குச்சி எரியும்போது பிறக்கும் வாயு கலத்தின் அழுத்தத்தையே உயர்த்தும். தொடங்கியபோது 70 மடங்காக இருந்தது முடியும்போது 73 ஆனால், நாம் அளந்தது எந்த அழுத்தத்துக்குரிய வேகம்?

கருவியின் திருத்தங்கள் அனைத்தும் இத்தகைய ஐயங்களை ஒவ்வொன்றாக நீக்கப் பிறந்தவையே. கலத்தோடு பெரிய தாங்கு தொட்டி ஒன்றை இணைத்தார்கள். புதிதாய்ப் பிறக்கும் வாயு அதில் பரவி, அழுத்தம் ஏறக்குறைய நிலையாய் நின்றது. குச்சியின் தொடக்க உஷ்ணத்தை ஒரே அளவில் வைக்கக் கலத்தைச் சுற்றி வெப்பநிலை மாறாத உறை அமைத்தார்கள். கோடையில் சூடாய் இருக்கும் மருந்து, குளிரில் விறைத்த அதே மருந்தைவிட விரைந்து எரியும் என்பதால் இது அவசியமாயிற்று. பாலைவனத்திலும் பனிமலையிலும் பயன்படும் இராக்கெட்டுக்கு இரு எல்லைகளிலும் எரிவேகத்தை அளந்தாக வேண்டும்.

இவற்றினும் சுவையானது கம்பியையே நீக்கிய திருத்தம். மருந்து எரியும்போது நுண்ணிய படபடப்பொலி எழுகிறது. வைத்தியர் மார்பில் குழல் வைத்துக் கேட்பதுபோல், கலத்தின் புறச்சுவரில் ஒரு நுண்ணொலி உணரியைப் பொருத்தி அவ்வொலியைக் கேட்கிறார்கள். ஒலி தொடங்கும் கணமும் முடியும் கணமும் பதிவாகின்றன. குச்சியின் முழு நீளத்தை அந்நேரத்தால் வகுத்தால் போதும். துளை வேண்டாம், கம்பி வேண்டாம். இன்னும் வேடிக்கை, பல இடங்களில் குச்சியைத் தண்ணீருக்குள்ளேயே எரிக்கிறார்கள்! மருந்து தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் நீருக்குள்ளும் அணையாது. நீர், பக்கங்களில் தீ இறங்காமல் காக்கிறது. ஒலியையும் நன்கு கடத்துகிறது. ஒரு நாளில் எரிக்கக்கூடிய குச்சிகளின் எண்ணிக்கை பன்மடங்காகிறது. சிலவகை மருந்துகளில் நீர் ஓரங்களைக் குளிரச் செய்து வேகத்தைச் சற்றே மாற்றக்கூடும் என்பதால், பழைய முறையோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதே விவேகம்.

வேறு சிலர் ஒலியைக் கேட்பதற்குப் பதில் ஒலியை அனுப்பினர். காதுக்கு எட்டாத மீயொலியை மருந்தின் அடிப்புறத்திலிருந்து செலுத்தினால், அது எரிபரப்பில் மோதித் திரும்பும். மருந்து குறையக் குறைய எதிரொலி விரைந்து வரும். மருத்துவமனைகளில் வயிற்றைப் படம் பிடிக்கும் தத்துவமே இது. ஒரே குச்சியில் கணந்தோறும் எரிவேகத்தை அறியலாம். மூடிய கலத்தில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகுமாறு விட்டால், ஒரே சோதனையில் பல அழுத்தங்களுக்குரிய வேகமும் கிடைத்துவிடும். ஆனால் மருந்தினுள் ஒலி செல்லும் வேகமே அழுத்தத்தோடு மாறுவது. அதைத் திருத்திக் கணக்கிடாவிட்டால், அழகிய கோட்டுப்படம் கிடைக்கும்; உண்மை கிடைக்காது.

வேகத்தை மட்டும் அறிந்தால் போதுமா? ஏன் அந்த வேகம் என்பதையும் அறிய வேண்டுமன்றோ? இதற்காகக் கலத்தின் சுவரில் குவார்ட்ஸ் சாளரம் பதித்து, வினாடிக்கு ஆயிரக்கணக்கான படம் எடுக்கும் காமிராவால் நோக்குகிறார்கள். அலுமினியத் துகள்கள் பரப்பில் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டு, நெருப்புத் துளிகளாய்க் கிளம்பும் காட்சி கண்கொள்ளாதது. மயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய வெப்ப உணர்கம்பியை மருந்தினுள் புதைத்து, தீ அதை நெருங்கும்போது உஷ்ணம் ஏறுவதைப் பதிவு செய்கிறார்கள். பரப்பில் ஏறத்தாழ 600 டிகிரி. அதற்கு மேல் சிறிது தூரத்திலேயே 3,000 டிகிரியை எட்டும் ஜுவாலை. அந்த ஜுவாலையில் எந்தக் கம்பியும் நில்லாது. அங்கே தொடாமல் அளக்க வேண்டும்.

தொடாமல் அளக்கும் வழியின் வேர் இந்தக் கொல்கத்தா நகரில் இருக்கிறது. திருவானைக்காவலில் பிறந்த சி. வி. இராமன் 1907-இல் நிதித்துறை அதிகாரியாய்க் கல்கத்தாவுக்கு வந்தார். டிராம் வண்டியில் சென்றபோது பௌபஜாரில் கண்ட ஒரு பெயர்ப்பலகை, அவரை இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் சோதனைச்சாலைக்குள் அழைத்துச் சென்றது. அலுவலுக்கு முன்னும் பின்னும் அங்கே உழைத்தார். அவரை அலுவலிலிருந்து மீட்டு, ஊதியம் குறைவாயினும் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியில் 1917-இல் அமரச் செய்தவர் பவானிபூர்வாசியான ஆசுதோஷ் முகர்ஜி. இன்று பவானிபூரின் பெருவீதி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இராமன், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனைத் துணையாகக் கொண்டு, ஒளி பொருளில் பட்டுச் சிதறுகையில் அதன் நிறத்தில் நேரும் நுண்ணிய மாற்றத்தை 1928-இல் கண்டறிந்தார். அம்மாற்றம் மூலக்கூறுகளின் அசைவுக்கு ஏற்ப அமைவது. அவ்வசைவோ உஷ்ணத்துக்கு ஏற்ப அமைவது. ஆகவே இரு லேசர்க் கற்றைகளை ஜுவாலையினுள் ஒரு புள்ளியில் சந்திக்கச் செய்து, அங்கிருந்து வெளிப்படும் ஒளியை ஆராய்ந்தால், அந்தப் புள்ளியில் உள்ள நைட்ரஜனின் உஷ்ணம் தெரிந்துவிடும். இராமன் விளைவிலிருந்து கிளைத்த இம்முறையை உந்துபொருள் ஜுவாலைகளில் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் கையாண்டிருக்கிறார்கள். ஒரு குறை: அலுமினியம் கலந்த மருந்தின் புகை ஒளியையே மறைத்துவிடும். பெரிய இராக்கெட்டுகளில் பயன்படுவது அந்த மருந்தே என்பது ஆராய்ச்சியாளருக்கு வந்து வாய்த்த சோதனை.

நம் நாட்டில் 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து எழுந்த முதல் இராக்கெட் அமெரிக்காவிலிருந்து வந்தது. நான்கே ஆண்டுகளில், 1967 நவம்பர் 20 அன்று, நாமே செய்த 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரோகிணி பறந்தது. அதிலிருந்து 3 மீட்டருக்கு மேற்பட்ட விட்டமுள்ள தூண்கள் வரை வந்திருக்கிறோம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் எரிதல் ஆராய்ச்சிக்கெனத் தேசிய மையமே இயங்குகிறது. இந்த வளர்ச்சிக்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறோம். 2004 பிப்ரவரி 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் உந்துபொருள் நிலையத்தில் மூண்ட தீ ஆறு உயிர்களைக் கொண்டது. சிறு குச்சியில், கனத்த சுவருக்கு அப்பால் நின்று, மருந்தின் குணம் முழுவதையும் அறிந்துகொள்ள விழைவது சிக்கனத்துக்காக மட்டும் அன்று. டன் கணக்கில் கற்க வேண்டியதைக் கிராம் கணக்கில் கற்றுக்கொண்டால், மனிதர் அருகில் நிற்க வேண்டிய நாட்கள் குறைகின்றன.

ஆயினும் குச்சி சொல்வது முழுவதையும் தூண் ஒப்புக்கொள்வதில்லை. பெரிய வார்ப்பில் குழம்பு ஓடிப் படியும் விதம் வேறு. துகள்கள் அமையும் முறை வேறு. எரிபரப்பின் மீது பாயும் வாயுவின் வேகம் வேறு. அதனால் தூண் எரியும் வேகம், குச்சியின் வேகத்திலிருந்து சில சதவீதம் விலகி நிற்கும். இந்த இடைவெளியை அறிய, இரண்டுக்கும் நடுவே, ஓர் ஆள் தூக்கக்கூடிய சிறு இராக்கெட்டுகளில் அதே கலவையை வார்த்து, தரையில் கட்டி வைத்து எரிக்கிறார்கள். குச்சியின் எண், சிறு இராக்கெட்டின் எண், பெருந்தூணின் எண் ஆகிய மூன்றும் வார்ப்புக்கு வார்ப்பு ஏடுகளில் பதிவாகி வருகின்றன. அடுத்த வார்ப்பின் குச்சி எரிந்ததும் அதன் எண்ணை முதலில் அந்த ஏடுகளோடுதான் ஒப்பிடுவார்கள்.